பால் ஆடு வாங்கப் போகிறவர்கள் முதலில் உண்ணியைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் செம்மறிப் பால் பற்றியும் கிழக்கு ஃப்ரீசியன் என்ற ஜெர்மன் செம்மறி இனத்தைப் பற்றியும் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருந்தால் பால் ஆடு வளர்க்கலாம் என்று தமிழில் ஒருவர் எழுதியதே எனக்குப் பெரிய சந்தோஷம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதைப் படித்துவிட்டு வெருலம், டோங்காட், ஸ்டேங்கர் பக்கத்து ஆட்கள் சிலர் எனக்குப் போன் செய்து, "அந்த ஜெர்மன் ஆடு எங்கே கிடைக்கும் அக்கா, நாலு வாங்கிக் கட்டிடலாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் தென்னாப்பிரிக்காவின் இந்த நட்டால் கடலோரத்தில் பல வருஷமாகச் செம்மறி வைத்துப் பால் கறக்கிறவள். கட்டுரையில் விட்டுப்போன ஒரு விஷயம், இங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் வந்திருக்க வேண்டிய விஷயம், அதை யாராவது சொல்லியே ஆகவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கட்டுரையில் சொன்ன கிழக்கு ஃப்ரீசியன் ஆடு ஒரு ஈத்துக்கு 500, 600 லிட்டர் கறக்கும் என்பது பொய் இல்லை. வட ஜெர்மனியின் குளிர்ந்த கடலோரத் தாழ்நிலத்தில், வயிறு நிறையப் பச்சைப் புல்லும் மேல்தீவனமும் கிடைத்தால் கறக்கும். அதே ஆட்டை வெயிலும் புழுக்கமும் உள்ள இடத்துக்குக் கொண்டுவந்தால் மூச்சு வாங்கும், நிமோனியா வரும், ஒரு கோடையைத் தாண்டுவதே கஷ்டம். இஸ்ரேலில் இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் 1950களில் அந்த ஊர் அவாசி ஆட்டோடு ஃப்ரீசியனைக் கலந்து அசாஃப் என்ற இனத்தை உண்டாக்கினார்கள். வறண்ட வெயில் நாட்டிலேயே அந்த நிலைமை என்றால், பிப்ரவரி மாதக் கோடையில் டர்பன் எப்படி இருக்கும் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெயிலைக்கூட ஒரு நல்ல கொட்டகை போட்டுச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது உண்ணி. இங்கே முட்புதரிலும் உயரமான புல்லிலும் இருக்கிற பாண்ட் உண்ணியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், காலில் வெள்ளை வளையம் வளையமாக, முதுகில் வண்ணப் பூச்சோடு, மற்ற உண்ணிகளைவிடப் பெரிதாக இருக்கும். அதுதான் ஹார்ட்வாட்டர் என்கிற நோயைப் பரப்புகிறது. நோய் வந்த ஆட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள பையிலும் நுரையீரலிலும் நீர் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் ஏறும், கால்களை விறைப்பாகத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும், வட்டம் சுற்றும், அப்புறம் விழுந்து காலை உதைத்துக்கொண்டே போய்விடும். உள்நாட்டுப் பக்கத்துக் காரூவிலும் ஃப்ரீ ஸ்டேட்டிலும் இந்த உண்ணி பெரும்பாலும் இல்லை. அங்கே பிறந்து வளர்ந்த ஆட்டுக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி துளியும் கிடையாது. ஆனால் இந்த நாட்டில் நல்ல ஆடு என்று விளம்பரம் வருவதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. லாரியில் வந்து இறங்கும்போது கொழுகொழுவென்று இருக்கும், பத்துப் பதினைந்து நாள் நன்றாக மேயும், வாங்கியவருக்கும் மனசு நிறைந்திருக்கும். உண்ணி கடித்து இரண்டு மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பிக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் ஓய்வூதியப் பணத்தைப் போட்டு இப்படி வாங்கிய மந்தை முழுவதும் ஒரே மாதத்தில் போனதை நான் கண்ணால் பார்த்தேன். விற்றவர் ஆடு எங்கே பிறந்தது என்று சொல்லவில்லை, இவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. கடைசி ஆட்டைப் புதைக்கும்போது அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் திரும்ப ஆடு வாங்கவே இல்லை.

அதனால் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இங்கே, இந்த உண்ணிக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பெட்டை ஆடு இரண்டோ மூன்றோ வாங்குங்கள், பால் கம்மியாக இருந்தாலும் பரவாயில்லை. பிறந்த முதல் வாரத்தில் குட்டிக்கு இயற்கையாகவே இந்த நோயைத் தாங்கும் சக்தி இருக்கிறது. அந்த நாட்களில் உண்ணி கடித்து நோய் உள்ளே போனால் குட்டி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் எதிர்ப்பு சக்தியோடு வளரும். இங்கே பிறந்த ஆட்டின் மதிப்பே அதுதான். சூலு மக்கள் காலங்காலமாக வளர்க்கும் நாட்டுச் செம்மறியைப் பாருங்கள். சின்ன உடம்பு, குட்டைக் காது, பழுப்பும் கறுப்புமாகப் பல நிறம். உண்ணியும் குடற்புழுவும் அதை அவ்வளவு லேசில் சாய்ப்பதில்லை. டார்ப்பரும் இங்கே பிறந்ததாக இருந்தால் வாங்கலாம். 1930களில் இந்த நாட்டிலேயே டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பெர்ஷியனையும் கலந்து உண்டாக்கிய கறி ஆடு அது, ஆனாலும் தாய்க்கு மடி நன்றாக இறங்கும், ரோமம் தானாக உதிர்ந்துவிடுவதால் கத்தரிக்கிற வேலையும் பெரிதாக இல்லை.

இப்படி ஒரு சின்ன மந்தை நிலைத்து நின்ற பிறகு, பால் இன ரத்தம் உள்ள ஒரு கிடாவைக் கொண்டுவந்து சேர்த்து, பிறக்கும் பெட்டைக் குட்டிகளை மட்டும் நிறுத்திக்கொண்டே போனால், சில வருஷத்தில் இந்த ஊரைத் தாங்கக்கூடிய, ஓரளவு கறக்கக்கூடிய ஆடு உங்கள் பட்டியிலேயே உருவாகிவிடும். கிடா ஒன்று செத்தால் ஒன்று நஷ்டம், மந்தை செத்தால் எல்லாம் நஷ்டம். அந்த ஒரு கிடாவுக்கு மட்டும் வந்த நாளிலிருந்து ஒரு மாதம் தினம் காலையில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ஆட்டின் சாதாரணச் சூடு 39 டிகிரிக்கு மேல்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். 41 தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் கேட்டு ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நாளைக்கு ஆடு இருக்காது. ஒண்டர்ஸ்டபோர்ட் கால்நடை மருந்து நிலையத்தில் தயாராகும் தடுப்பு மருந்தும் இருக்கிறது, ஆனால் அது உயிருள்ள நோயையே ரத்தத்தில் ஏற்றி, காய்ச்சல் வந்ததும் மருந்து கொடுத்து மீட்கிற முறை, டாக்டர் கூடவே நிற்க வேண்டிய வேலை.

பால் ஆடு வைப்பவர்கள் உண்ணிக்குப் பயப்பட இன்னொரு காரணம் உண்டு. பாண்ட் உண்ணிக்கு வாய் நீளம், ஆழமாகக் கடிக்கும், கடித்த இடம் சீழ் பிடிக்கும். குளம்பு இடுக்கில் கடித்தால் ஆடு நொண்டும். மடியில் கடித்தால் காம்பே கெட்டுப்போகும். ஆட்டுக்கு இருப்பதே இரண்டு காம்பு. கறக்க உட்காரும்போதெல்லாம் மடியைத் தடவி, தொடை இடுக்கையும் வால் அடியையும் விரலால் தேடிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட வேண்டும். உண்ணி மருந்து ஊற்றும்போது புட்டியில் பால் ஆட்டுக்கு ஊற்றலாமா, எத்தனை நாள் பாலைக் கொட்ட வேண்டும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். கூட்டுறவுக் கடையில் இருப்பவருக்கு நீங்கள் பால் கறக்கிறீர்கள் என்று தெரியாது, கறி ஆடு என்றுதான் நினைத்துக் கொடுப்பார்.

சரி, புழு விஷயத்துக்கு வருகிறேன். மார்ச், ஏப்ரலில் ஆடு பருவத்துக்கு வந்து கிடா சேர்ந்தால் ஐந்து மாதத்தில், ஆகஸ்ட், செப்டம்பரில் குட்டி போடும். அதாவது நாம் கறக்கிற காலம் முழுக்க மழைக்காலம். ஈரமும் சூடும் சேர்ந்தால் ரத்தம் குடிக்கும் வயர்வோர்ம் புழுவுக்குக் கொண்டாட்டம். புழுக்குஞ்சு புல்லின் அடிப்பாகத்தில்தான் அதிகம் இருக்கும், ஆகவே தரையோடு தரையாக மேய விடாமல், ஒரு கட்டத்தில் ஐந்தாறு நாளுக்கு மேல் நிறுத்தாமல், மாற்றி மாற்றி மேய விடுங்கள். ஒரு ஏக்கரை ஒரே வேலி போட்டு ஆட்டைத் திறந்துவிடுகிறவர்கள்தான் டிசம்பரில் என்னிடம் வந்து ஆடு இளைக்கிறது என்பார்கள்.

எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் புழு மருந்து ஊற்றுவது இன்னும் மோசம். புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும், பாலும் வீணாகும். இந்த நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் 1990களில் உண்டாக்கி இப்போது உலகம் முழுக்கப் பயன்படும் ஃபமாச்சா அட்டை, புழு ரத்தம் குடித்து ஆடு எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று காட்டும் அட்டை, நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது ஏன் கண்ணை மூடிக்கொண்டு ஊற்ற வேண்டும்? ஆட்டின் தலையைத் தொடைகளுக்கு நடுவே லேசாகப் பிடித்து, கட்டைவிரலால் மேல் இமையைக் கண்மேல் மெதுவாக அழுத்தி, இன்னொரு விரலால் கீழ் இமையை இழுத்தால் உள் சவ்வு வெளியே தெரியும். நல்ல வெளிச்சத்தில், நிழல் விழாமல், அதன் நிறத்தை அட்டையில் உள்ள ஐந்து நிறத்தோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பு என்றால் ஒன்று, காகிதம் மாதிரி வெளுத்திருந்தால் ஐந்து. ஒன்றும் இரண்டும் இருந்தால் மருந்து வேண்டாம், நாலும் ஐந்தும் இருந்தால் உடனே கொடுக்க வேண்டும், மூன்று என்றால் ஆட்டின் உடம்பையும் பருவத்தையும் பார்த்து முடிவு செய்யலாம். டாக்டரோ பழகிய விவசாயியோ ஒரு தடவை கூட நின்று காட்டிக் கொடுத்தால் போதும், கை பழகிவிடும். மழைக்காலத்தில் நான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன், சினை ஆட்டையும் கறக்கிற ஆட்டையும் இன்னும் அடிக்கடி. வருஷா வருஷம் எந்த ஆடு வெளுக்கிறதோ அதன் குட்டியை நிறுத்தாதீர்கள், எவ்வளவு பால் கறந்தாலும் சரி.

தீவனத்தில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது குளிர்காலத்தில். வயிற்றில் குட்டி வேகமாக வளர்வது கடைசி ஆறு வாரத்தில்தான், அது சரியாக ஜூலை, ஆகஸ்டில் புல் காய்ந்து சத்தில்லாமல் கிடக்கிற நேரத்தில் வரும். சுற்றிலும் கரும்பு இருக்கிறதே என்று வெட்டுக் காலத்தில் கொழுந்தாடையை, அதாவது கரும்பின் நுனித் தோகையை, அள்ளிப் போடுகிறார்கள். வயிறு நிறையும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. கொழுந்தாடை போடுங்கள், கூடவே லூசர்ன், அதாவது குதிரைமசால், காய்ந்ததையாவது கொடுங்கள், கொஞ்சம் உடைத்த சோளமும் சேருங்கள். இரட்டைக் குட்டி சுமக்கிற ஆடு அந்த நேரத்தில் பட்டினி கிடந்தால் தன் கொழுப்பையே கரைத்து விஷமாகிப் படுத்துவிடும், அப்புறம் எழுப்புவது கஷ்டம்.

மாட்டுத் தீவனம், கோழித் தீவனம், கோழி எரு கலந்த தீவனம் எதையும் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள். அதில் தாமிரம் இருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் ஒத்துக்கொள்ளும் அளவு செம்மறியின் கல்லீரலில் மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று ரத்தமாக மூத்திரம் போய் ஆடு சாகும். உப்புக்கட்டி வாங்கினாலும் செம்மறிக்கு என்று போட்டதையே வாங்க வேண்டும். வேலி ஓரத்தில் உண்ணிச்செடி, அந்தச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் லண்டானா, இருந்தால் வேரோடு பிடுங்கிவிட்டு அப்புறம் ஆட்டை விடுங்கள். பசியில் தின்றால் கல்லீரல் போய்விடும், வெயில் பட்டால் முகத்துத் தோல் வெந்து உரியும்.

இனி பால். இது எனக்குப் பிடித்த பகுதி, கட்டுரையிலும் இதை அழகாக எழுதியிருந்தார்கள், ஆனால் குட்டியை மறந்துவிட்டார்கள். பிறந்த சில மணி நேரத்துக்குள் குட்டி சீம்பால் குடித்தே ஆகவேண்டும், அதில் கை வைக்கக்கூடாது. முதல் மூன்று நாலு வாரம் பால் முழுக்கக் குட்டிக்குத்தான். அதற்கப்புறம் பொழுது சாயும்போது குட்டிகளை மட்டும் பக்கத்துத் தட்டியில் அடைத்துவிடுங்கள், தாயின் வாசம் தெரியும்படி, தண்ணீரும் கொஞ்சம் தவிடும் வைத்து. விடிந்ததும் தாயைக் கறந்துவிட்டுக் குட்டியை அவிழ்த்துவிட்டால் பகல் முழுக்க இரண்டும் சேர்ந்தே மேயும். குட்டியும் வளரும், நமக்கும் ஒரு வேளைப் பால் கிடைக்கும், சாயங்காலம் கறக்கிற வேலையும் மிச்சம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. மேலே சொன்ன கலப்பு ஆடு ஒன்று இந்த முறையில் காலையில் அரை லிட்டர் கொடுத்தால் நன்று, முக்கால் லிட்டர் கொடுத்தால் மிக நன்று. 500 லிட்டரை மனசில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

மாடு கறந்த கை செம்மறிக்கு உடனே வராது. காம்பு சின்னது, பக்கவாட்டில் திரும்பியிருக்கும், முழுக் கையால் பிடிக்க முடியாது. கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும். இழுக்காதீர்கள், மேலே அடைத்துக் கீழே பிழியுங்கள். பால் சுரப்பு நின்றதும் மடியைக் கீழிருந்து மெதுவாகத் தூக்கி, குட்டி முட்டுவது போல இரண்டு முறை முட்டிவிட்டால் மறுபடி இறங்கும், அந்தக் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியிலோ தட்டிலோ கறந்து பாருங்கள், திரி திரியாக வந்தால் மடிநோய், அந்தப் பாலைச் சேர்க்காதீர்கள். கை நடுங்கினால் ஆடும் நடுங்கும், நிதானமாகச் செய்யுங்கள்.

பால் கம்மி என்று வருத்தப்படுகிறவர்கள் ஒரு முறை அந்தப் பாலை உறை ஊற்றிப் பார்க்க வேண்டும். பசும்பாலில் கொழுப்பு மூன்றரை, நாலு சதவீதம் என்றால் செம்மறிப் பாலில் ஆறு, ஏழு வரை இருக்கும், புரதமும் அப்படியே அதிகம். பால் மாவு எதுவும் சேர்க்காமலே தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறையும், தண்ணீர் பிரியாது. நிறம் சுத்த வெள்ளை. சீஸ் செய்ய ஒரு கிலோவுக்குப் பசும்பால் பத்து லிட்டர் வேண்டும், செம்மறிப் பால் ஐந்து லிட்டர் அளவிலேயே முடிந்துவிடும். தினம் அரை லிட்டர், முக்கால் லிட்டராகக் கிடைப்பதை உறைபெட்டியில் சேர்த்து வைத்து, போதுமான அளவு வந்ததும் மொத்தமாகச் செய்யலாம், செம்மறிப் பால் உறைந்து உருகினாலும் கெட்டுப்போவதில்லை. எங்கள் பெரியம்மா முதலில் ஆட்டு வாடை வரும் என்று தொடமாட்டேன் என்றவர், இப்போது வெயில் நாளில் தயிர் சாதத்துக்கு இந்தத் தயிரைத்தான் கேட்கிறார். வாடை வருவது பாலினால் இல்லை, அழுக்குப் பாத்திரத்தாலும் ஆறவைக்கத் தாமதிப்பதாலும்தான்.

ஆனால் பச்சைப் பாலைக் குடிக்காதீர்கள், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஆட்டிலிருந்து மனிதருக்கு வரும் காய்ச்சல்கள் சாதாரணமானவை இல்லை. 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். விற்க நினைக்கிறவர்கள் முதல் லிட்டரை விற்பதற்கு முன்பே முனிசிபாலிட்டி சுகாதார அதிகாரியைப் பார்த்துவிடுங்கள், ஆடு வைக்கவே அனுமதி இல்லாத குடியிருப்புப் பகுதிகளும் இருக்கின்றன.

இன்னொன்று, ஆடு வாங்கியதும் அடையாளக் குறி பதிவு செய்து காதில் பச்சை குத்திவிடுங்கள். 2002ஆம் வருஷத்துக் கால்நடை அடையாளச் சட்டப்படி இது கட்டாயம், இரண்டு ஆடு இருந்தாலும் கட்டாயம். நம் பக்கத்தில் ஆட்டுத் திருட்டு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும், குறி இல்லாத ஆட்டை உங்களுடையது என்று போலீசில் எப்படி நிரூபிப்பீர்கள்? ராத்திரியில் வீட்டுக்குப் பக்கத்தில், நாய் தாண்ட முடியாத உயரத்தில் பட்டி போட்டு அடைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நீல நாக்கு நோய்க்குத் தடுப்பூசி மூன்று புட்டியாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று வாரம் இடைவெளி விட வேண்டும், நோயைப் பரப்புகிற, கொசு மாதிரி இருக்கும் சின்னப் பூச்சிகள் பெருகுவதற்கு முன்பே ஊசி போட்டு முடிந்திருக்க வேண்டும், சினையின் முதல் பாதியில் உள்ள ஆட்டுக்குப் போடக்கூடாது. இதை ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் பிறப்பதற்கு முன் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போட்டால் எத்தனையோ ஆடு பிழைக்கும், இடம் அதிகம் பிடிக்காது. இரண்டாவது, உங்கள் விளம்பரப் பகுதியில் ஆடு விற்பனை என்று வரும்போது, அந்த ஆடு எந்த ஊரில் பிறந்தது, ஹார்ட்வாட்டர் உள்ள இடத்தில் வளர்ந்ததா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதித் தந்தால்தான் போடுவோம் என்று விற்பவர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டோங்காட் வாசகி,
குவாசுலு-நட்டால், தென்னாப்பிரிக்கா